நின்றுபோன காற்று

சரிவுப் பாதையில் பாதி தூரம் இறங்கும்போதே ஆபரேட்டருக்குத் தெரிந்துவிட்டது. கீழே சத்தம் இல்லை.

கூட வந்த அக்கா வழக்கம்போல் பேசிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் ஒருத்தி அவள் காலை மிதித்துவிட்டு, "காலை ஏன் இங்க வச்சிருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்ட கதை. "பின்ன காலை வீட்ல வச்சுட்டா வர முடியும்னு கேட்டேன். கப்சிப்னு ஆயிட்டா" என்று சொல்லிச் சிரித்தாள். ஆபரேட்டர் சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பையை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினான்.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சத்தம் நிற்கவே கூடாது. கார்கள் நிற்கும் தளத்துக்கும் கீழே, இரும்புக் கதவுக்குப் பின்னால், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட் இருந்தது. மேலே குடியிருக்கும் அத்தனை வீட்டுக் குளியல் தண்ணீரும் கழிவறைத் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் குழாய் குழாயாக இறங்கி அங்கேதான் வந்து சேரும். தொட்டிக்குத் தொட்டி மாறி, தெளிந்து, வடிகட்டப்பட்டு, மறுபடியும் மேலே ஏறும். ஏறிய தண்ணீர் எல்லா வீட்டு ஃப்ளஷ்ஷிலும் விழும், செடிகளுக்கும் போகும். இதையெல்லாம் மோட்டார்கள் செய்வதாகத்தான் மேலே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். செய்வது பெரிய தொட்டியில் இருந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அழுக்கைத் தின்று பெருகுகிறவை. அவற்றுக்கு மூச்சு வேண்டும். தொட்டியின் அடியிலிருந்து குமிழ் குமிழாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் இயந்திரத்துக்குப் புளோயர் என்று பெயர். அது ராப்பகலாக இரையும். அந்த இரைச்சலில் வேலை பார்த்துப் பார்த்து ஆபரேட்டர் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவான். "நான் பக்கத்துலதான் இருக்கேன், பக்கத்து ஊர்ல இல்ல" என்பாள் மனைவி.

புளோயர் இரண்டு உண்டு. ஒன்று ரிப்பேருக்குப் போனது, வரவே இல்லை. மிச்சம் இருந்தது ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் காலம் வேறு. தொட்டால் கை சுட்டது. முந்தைய நாள் மதியம் ஆபரேட்டர் அதை அணைத்துவிட்டு வெளியே போனான். யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே புதிதாக எழும்பியிருந்த ஒரு பெரிய கட்டடத்தில் பிளான்ட் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஆள் இல்லாத நேரத்தில் பெல்ட் அறுந்து மோட்டார் புகைந்துவிட்டால் என்ன செய்வது, கொஞ்ச நேரம் அதுவும் ஆறட்டும், சாயங்காலத்துக்குள் வந்து போட்டுவிடலாம் என்று கிளம்பினான். அங்கே காக்க வைத்தார்கள். பிறகு கேள்வி கேட்டார்கள். பிறகு பிளான்ட்டைச் சுற்றிக் காட்டினார்கள். தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம் போல இருந்தது. "உங்க மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றோம்" என்றார்கள். ஏறக்குறையக் கிடைத்த மாதிரிதான். அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போய்விட்டான். இரவில் பிளான்ட்டுக்கு ஆள் கிடையாது.

இப்போது இரும்புக் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. எப்போதும் பழுப்பாக நுரைத்துப் புரண்டுகொண்டிருக்கும் தொட்டி கறுத்து, அசையாமல், மேலே தோல் கட்டிக் கிடந்தது. சுவிட்சைப் போட்டான். புளோயர் இருமி, இரைந்து, ஓடத் தொடங்கியது. அடியில் கிடந்த அழுகல் எல்லாம் கலங்கி மேலே வந்தது. செத்ததைப் பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது அவனுக்கு. அந்த வாடை காற்றுப் போக்கிகள் வழியாக ஏறி, தளம் தளமாகப் போய், காலைக் காபியோடு உட்கார்ந்திருந்தவர்களின் மூக்கில் நுழைந்தது.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். ஃப்ளஷ்ஷுக்குப் போகும் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். எல்லா வீட்டிலும் பக்கெட்டில் மொண்டு ஊற்றிக்கொள்ளச் சொல்லி லிஃப்ட் பக்கத்தில் தாள் ஒட்டினார்கள். மதியத்துக்குள் சர்வீஸ் கம்பெனி இன்ஜினியர் வந்தார். நிதானமான ஆள். தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடி ஜாடியில் மொண்டு மேஜைமேல் வைத்தார். நல்ல தண்ணீர் என்றால் கசடு பஞ்சுபோல் கீழே இறங்கும், மேலே தெளிந்துவிடும். இது இறங்கவில்லை. மை மாதிரி நின்றது.

"காத்து நின்னுச்சா?" என்று கேட்டார்.

மேனேஜர் ஆபரேட்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மேனேஜரிடம்தான் அவர்கள் ஒரு வார்த்தை கேட்கப் போகிறார்கள்.

"இல்ல சார். ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

"அப்ப ஏதோ உள்ள போயிருக்கு. ஆசிட், பிளீச்சிங், எண்ணெய்னு யாராவது எதாவது ஊத்துனாங்களா?"

"தெரியல சார். உரக் கொட்டகைத் தண்ணியும் இதுலதான் வந்து விழுது. நேத்து மேல விருந்து வேற..."

அவ்வளவுதான் சொன்னான். வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை.

உரக் கொட்டகை கட்டடத்தின் பின்பக்கம், சுற்றுச்சுவரை ஒட்டி இருந்தது. அது அக்காவின் இடம். எல்லா வீட்டிலிருந்தும் வரும் மிச்சச் சோறு, காய்கறித் தோல், பழக் கொட்டை, முட்டை ஓடு எல்லாவற்றையும் அவள் கொட்டிப் பிரிப்பாள். பிளாஸ்டிக் கவரையும் ஸ்பூனையும் பொறுக்கி எடுத்துவிட்டு, அரைக்கும் இயந்திரத்தில் போட்டு, மரத்தூள் கலந்து, தட்டுகளில் பரப்பி, நாள் தவறாமல் கிளறிவிடுவாள். கொஞ்ச நாளில் மண் வாசனையோடு கருகருவென்று உரமாகிவிடும். குழந்தைகள் அவளை 'உரம் ஆன்ட்டி' என்பார்கள். எந்த வீட்டுப் பிள்ளை கேரட்டைத் தொடுவதில்லை, எந்த வீட்டில் சண்டை நடந்து சட்டியோடு குழம்பு குப்பைக்கு வந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டாள். புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். "தேடிப் பாக்கலையா?" என்று யாராவது கேட்டால், "குப்பையைப் பிரிக்கிறதுதான் என் வேலை, போனதைத் திரும்ப எடுத்து வைக்கிறது இல்ல" என்பாள். இந்த வேலையை வாங்கித் தந்தவன் ஆபரேட்டர்தான்.

அக்கா கையுறையைக் கழற்றியபடி வந்து நின்றாள். மேனேஜர் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

"ஆமா சார். நேத்து விருந்து மிச்சம் ஏகப்பட்டது வந்துச்சு. புளிச்ச தண்ணி டிரம்முல நிறைஞ்சு வழிஞ்சுது. வைக்க எடமில்ல. நான்தான் பக்கெட்டால மொண்டு கொட்டகை வடிகால்ல ஊத்தினேன்."

"எத்தனை பக்கெட்?"

"எண்ணல சார்." பிறகு குரல் இறங்கியது. "அதனாலயா?"

"அவ்வளவு புளிப்பு ஒரே நேரத்துல போனா தாங்காது. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார் இன்ஜினியர். 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார். மேனேஜர் அந்தக் கடைசி வார்த்தையை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைலேந்து வர வேணாம்மா. மேல இருக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லியாகணும்."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசேன் என்று கேட்கிற பார்வை இல்லை அது. உன்னை மாட்டி விட்டுட்டேனே என்கிற பார்வை. ஆபரேட்டர் ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அக்கா சாப்பிட உட்காரவில்லை. இரண்டே அறை உள்ள வீடு. ஒளிந்துகொள்ள இடமில்லை. அவள் குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடியும் கழுவினாள்.

"அத்தை, சோப்பு கரைஞ்சு போயிடும்" என்றது ஆபரேட்டரின் பெண் குழந்தை.

"கரையட்டும்டி. எத்தனை வருஷம் இந்தக் கை நாறிச்சு. ஒரு நாளும் அசிங்கமா நெனச்சதில்ல. இன்னைக்கு நெனைக்கிறேன்."

"விடுக்கா. வந்து சாப்பிடு" என்றான் ஆபரேட்டர்.

"எப்படிடா விடறது? நீதானே சொல்லுவ, அதுங்களும் உசுருதான், வாயில்லாததுங்கன்னு. ஒரு தொட்டி உசுரு. நீ எப்படிப் பாத்துப் பாத்து வச்சிருந்த. உன் பேரைக் கெடுத்துட்டேனே நான்."

"உன்னால இல்லக்கா."

"அப்ப யாரால?"

அது நல்ல கேள்வி. அவன் அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். "ஏதோ நடந்துபோச்சு, சாப்பிடு" என்றான்.

ஆபரேட்டரின் மனைவி தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுத்தாள். மறுநாள் காலை அவன் வேலைக்குப் போகும் வழியில் அவள் தேய்ப்பு மேஜை முன்னால் நின்றான். அவள் ஒரு போர்வையை மடித்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"ஏங்க, முந்தாநாள் மத்தியானம் இங்க வந்து சட்டை தேய்ச்சு வாங்கிட்டுப் போனீங்களே, அப்ப அங்க யாரு இருந்தா?"

"யாரும் இல்ல."

"அண்ணிகிட்ட வேலை முடிச்சுட்டுத்தான் இன்டர்வியூக்குப் போனேன்னு சொன்னீங்க."

அவன் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்த மெஷின் ஓடிச்சா?"

அவன் போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சரி செய்தான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஐயோ" என்றாள், மெதுவாக. "அவங்க நேத்துலேந்து பச்சத் தண்ணி குடிக்கலைங்க."

"இப்ப சொன்னா ரெண்டு பேரும் வீட்ல உக்காரணும். அந்த வேலை கைக்கு வரட்டும். வந்த அன்னிக்கே நான் அக்காகிட்ட சொல்லிடுறேன்."

"சொல்லிடணும்."

"சொல்லிடுறேன்."

"நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே தேய்த்த சட்டையை எடுத்துத் திரும்பவும் தேய்த்தாள்.

அதற்குப் பிறகு மனைவி அக்காவைக் கவனித்த கவனிப்பு தனி. குழம்பில் பெரிய துண்டு அக்காவுக்கு. காற்று வரும் ஜன்னல் ஓரம் அக்காவுக்கு. "என்னம்மா, நான் என்னமோ வெளிநாடு போறவ மாதிரி இப்படித் தாங்குற?" என்று அக்கா கேட்டாள். மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். ஆபரேட்டர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். அந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை என்று ஆகிவிட்டது.

தொட்டி தெளியவில்லை. அவன் கறுத்த தண்ணீரை லாரியில் ஏற்றி அனுப்பினான், புதுத் தண்ணீர் விட்டான், காற்றை ஊதினான். வெறும் தண்ணீர்தான் புரண்டது, உயிர் பிடிக்கவில்லை. மேலே பக்கெட்டும் கையுமாக இருந்தார்கள்.

இதற்கிடையில் அக்கா கொட்டகையில் விட்டுவந்த செருப்பை எடுத்துவரப் போனாள். வாட்ச்மேன் அவளிடம் ஒரு செய்தி சொன்னார். மேல் தளத்தில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், கழிவறைக்குப் பக்கெட் தண்ணீர் தூக்கும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

அன்று அவள் வீடு திரும்பியபோது முகம் வெளிறி இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"படியேறிப் போனேன். லிஃப்ட்ல ஏறினா நாறுதுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். போற வழியில திறந்திருந்த வீட்ல எல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே போனேன். என்னாலதாங்க தண்ணி கெட்டுப்போச்சு, தெரியாம பண்ணிட்டேன்னு."

"உன்னை யாருக்கா போகச் சொன்னது?" ஆபரேட்டர் கிட்டத்தட்டக் கத்தினான்.

"யாரு சொல்லணும்? வாத்தியார் கைல கட்டு, இந்தா இவ்வளவு தடி. இடது கையால ஸ்பூனைப் பிடிச்சு, பாதி மேல பாதி கீழ சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. அவரு வீட்டுக் குப்பை எனக்குத் தெரியும்டா. ஒரு பருக்கை வீணாக்க மாட்டாரு. அவரு மேலெல்லாம் சோறு. எனக்குத் தாங்கல. கால்ல விழப் போயிட்டேன். அவரு பதறிட்டாரு. பரவாயில்லம்மா, பரவாயில்லம்மான்னு என்னைத் தூக்கி விடறாரு, அந்த ஒரு கையால."

மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். ஆபரேட்டர் தொண்டையைச் செருமினான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. குழந்தை வந்ததைத் தனக்கு ஒரு சாக்காக எடுத்துக்கொண்டான் என்பது அவனுக்கே தெரிந்தது.

அக்கா சும்மா இருக்கவில்லை. அவளோடு முன்பு வேலை பார்த்த ஒருத்தி இப்போது வேறொரு குடியிருப்பில் இருந்தாள். அங்கேயும் பிளான்ட் உண்டு, நன்றாக ஓடுகிறது. உயிருள்ள கசடு கொஞ்சம் கொண்டுவந்து விட்டால் செத்த தொட்டி பிழைத்துக்கொள்ளும் என்று ஆபரேட்டரே எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அவன் சர்வீஸ் கம்பெனியிடம் கேட்டுவிட்டு அவர்கள் கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தான். அவள் காத்திருக்கவில்லை. அங்கே போய், அந்தப் பிளான்ட்டின் ஆபரேட்டரிடம் கெஞ்சி, கேன் கேனாகக் கசடு வாங்கி, ஒரு சுமை ஆட்டோவில் ஏற்றி, தானும் அதன் மேலேயே உட்கார்ந்து, உச்சி வெயிலில் வந்து சேர்ந்தாள். வாட்ச்மேன் மேனேஜரைக் கேட்காமலே கதவைத் திறந்துவிட்டார்.

"டேய், சீக்கிரம் இறக்கு. வெயில்ல ஆடிக்கிட்டே வந்திருக்குதுங்க. மூச்சு முட்டும்" என்றாள்.

இருவருமாகக் கேன்களை இறக்கிக் கீழே கொண்டுபோனார்கள். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, முதல் கேனைத் தானே கவிழ்த்தாள். பழுப்புக் கசடு கொழகொழவென்று விழுந்து, குமிழிகளில் சிக்கி, சுழன்று பரவியது. பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளையை வாசலில் நின்று பார்ப்பதுபோல் அவள் குனிந்து அதையே பார்த்தாள். உதடு அசைந்தது. "பொழைச்சுக்கோ" என்று சொல்கிறாள் என்பது சத்தத்தில் கேட்கவில்லை, தெரிந்தது. அவள் முகத்திலும் கழுத்திலும் கசடு தெறித்திருந்தது. அவள் துடைக்கவில்லை.

"அக்கா, நான்தான்" என்றான் ஆபரேட்டர்.

"என்ன?"

"நான்தான் பண்ணினேன்."

"கேக்கலடா! சத்தமா சொல்லு!"

புளோயர் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்தால் மெதுவாகச் சொல்லலாம். அணைக்க அவனுக்குக் கை வரவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"உன் தண்ணியால சாகல! நான் காத்தை நிறுத்திட்டு இன்டர்வியூக்குப் போனேன்! ராத்திரி பூரா நின்னு போச்சு! நான்தான்கா கொன்னேன்!"

அக்கா காலி கேனைக் கீழே வைத்தாள். அவன் பக்கத்தில் வந்து, காதருகே வாயை வைத்துக் கேட்டாள்.

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்த பதில் அது. மறதி என்றால் அவள் அங்கேயே மன்னித்திருப்பாள்.

"மறக்கல. அன்னிக்குச் சாப்பிடும்போது ஞாபகம் வந்துச்சு. நீ மீன் துண்டு வச்சப்போ. திரும்ப அவ்வளவு தூரம் போகணுமேன்னு... ஒரு ராத்திரிதானேன்னு விட்டுட்டேன்."

அக்கா முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. "அப்ப நான் கொல்லல" என்றாள். அதையே இன்னொரு தடவை சொன்னாள். கண்ணில் நீர் கொட்டியது. கழுவிக் கழுவித் தோல் உரிந்திருந்த தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த கேன்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றுவிடாமல் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, அவனைத் திரும்பிப் பாராமல் சரிவுப் பாதையில் ஏறிப் போனாள்.

அவன் வீட்டுக்குப் போனபோது அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு வயிறு நிறைய. மனைவி எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "எனக்கும் தெரியும் அண்ணி" என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"உக்காரு" என்றாள் அக்கா. அவன் உட்கார்ந்தான்.

"வேலை போனதுகூடப் பெருசில்லடா. நீ கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன். பழியை நான் ஏத்துக்கறேன், நீ போய் நல்லா இருன்னு சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேனா?"

"சொல்லியிருப்ப."

"கேக்காம எடுத்துக்கிட்டியே. நான் இங்க கையைத் தேய்ச்சுக் கழுவறேன், நீ பக்கத்துல நின்னு சாப்பிடுக்கான்னு சொல்ற. எப்படிடா முடிஞ்சுது?" அவள் தட்டில் விரலால் கோடு போட்டாள். "அந்த மனுஷன் கால்ல விழப் போனேன்டா நான். அதைக் கேட்டுக்கிட்டு இந்தச் செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்த."

அவன் சுவரில் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினான்.

"நாளைக்கு மேனேஜர்கிட்ட போ. அப்புறம் நான் ஏறின படியெல்லாம் நீ ஏறு. நானும் வரேன். நீ என்ன சொல்றன்னு நான் கேக்கணும்."

மேனேஜர் முழுவதையும் கேட்டார். எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யோவ், உனக்கு வேற வேலை இல்லையா? காரணம் இன்னதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சாச்சு. இப்ப தொட்டியும் தேறுதுன்னு இன்ஜினியர் சொல்றாரு. நேத்துதான் அந்தப் புதுக் கட்டடத்துலேந்து போன் பண்ணாங்க. தங்கமான ஆளுன்னு சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொன்னா என்னை என்னன்னு நெனப்பாங்க? அந்தம்மாவை நாளைலேந்து வரச் சொல்லு. நீ அங்க போய் நல்லா இரு. முடிஞ்சுது."

திட்டு வாங்கத் தயாராகப் போனவன் வாழ்த்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

அக்கா படிக்கட்டின் அடியில் காத்திருந்தாள். ஏறினார்கள். முதல் வீட்டுக் கதவைத் திறந்த பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் கெட்டது தன்னால்தான், அக்காவால் இல்லை என்றான். அவள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "இவங்க யாரு?" என்றாள்.

"அன்னிக்கு வந்து மன்னிப்புக் கேட்டேனேம்மா."

"ஓ, நீங்களா. இப்பதான் வாடை இல்லையே, விடுங்க."

அடுத்த வீட்டில் ஒருவர், "கம்ப்ளெயின்ட்டா இருந்தா ஆஃபீஸ்ல எழுதிக் குடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இன்னொரு வீட்டில் கதவே திறக்கவில்லை, உள்ளே டி.வி. ஓடும் சத்தம் கேட்டது. தினமும் அவர்கள் தின்று மீந்ததை அள்ளியவள், அழுதுகொண்டு அவர்கள் வாசலில் வந்து நின்றவள். ஒருத்தருக்கும் அவள் முகம் நினைவில்லை. ஒவ்வொரு கதவு சாத்தப்படும்போதும் ஆபரேட்டர் அக்காவின் பக்கம் பார்க்கப் பயந்தான். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏறு" என்று மட்டும் சொன்னாள்.

கணக்கு வாத்தியாருக்கு நினைவிருந்தது. "வாங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க" என்று அக்காவை அழைத்தார். கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தூளி போல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆபரேட்டர் வாசலிலேயே நின்று சொன்னான். இந்தத் தடவை எதையும் விடவில்லை. வேலைக்கு ஆசைப்பட்டதையும், சாப்பிடும்போது நினைவு வந்ததையும், இன்ஜினியரிடம் பாதி வாக்கியம் சொன்னதையும் சொன்னான்.

வாத்தியார் கடைசிவரை கேட்டார்.

"அன்னிக்கு இந்தம்மாகிட்ட பரவாயில்லன்னு சொன்னேன்" என்றார். "மனசாரத்தான் சொன்னேன். ஆனா அது இந்தம்மாவுக்குச் சொன்னது. அதை உங்களுக்கு மாத்தி எழுத முடியாது. ராத்திரியில கை வலிக்கும்போது யார் மேலயும் கோவம் இல்லாம படுத்திருந்தேன். இனிமே உங்க மேல இருக்கும்." குரலை உயர்த்தவே இல்லை. "கட்டுப் பிரிக்கட்டும். அப்புறம் ஒரு நாள் வாங்க. அப்ப பாப்போம்."

ஆபரேட்டர் தலையை ஆட்டினான். கீழே இறங்கும்போது அக்கா முன்னால் போனாள்.

அவன் புதுக் கட்டடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான். "அப்படியா, சரி, நாங்க சொல்றோம்" என்றார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை. மனைவி அதைக் கேட்டுவிட்டு அடுத்த துணியை மேஜையில் விரித்தாள். "போகட்டும்" என்றாள். மேனேஜரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஆள் தேடுவது அவருக்குத் தொல்லை. ரிப்பேருக்குப் போன புளோயர் திரும்பி வந்தது. தொட்டி பழையபடி பழுப்பாக நுரைத்தது. ஜாடியில் மொண்டு வைத்தால் கசடு பஞ்சுபோல் இறங்கியது. ஃப்ளஷ்ஷில் தண்ணீர் வந்தது. மேலே இருப்பவர்கள் கீழே ஒரு பிளான்ட் இருப்பதையே மறந்துபோனார்கள்.

அக்கா உரக் கொட்டகைக்குத் திரும்பினாள். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள், ஒரே பஸ்ஸில் போனார்கள். அவள் அவனோடு வேலைப் பேச்சு மட்டும் பேசினாள். "டிரம் நிறைஞ்சிருக்கு, விடலாமா?" "விடுக்கா." "எவ்வளவு?" "பாதி." அவ்வளவுதான். பஸ்ஸில் நடந்த கதைகளையெல்லாம் மனைவியிடமும் குழந்தையிடமும்தான் சொன்னாள். அவன் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொள்வான். சிரிப்பு வந்தாலும் சிரிக்க மாட்டான்.

வெயில் தணிந்து மழை பிடித்த பிறகு, வாட்ச்மேன் பேச்சுவாக்கில் சொன்னார், வாத்தியாருக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்களாம். ஆபரேட்டர் அன்று மதியம் தொட்டியை ஒரு சுற்றுப் பார்த்தான். இரண்டு புளோயரும் இரைந்துகொண்டிருந்தன. முகம் கழுவி, வேலைச் சட்டையை மாற்றிக்கொண்டு, சரிவுப் பாதையில் ஏறினான். படிக்கட்டுக்குப் போகும் வழி கொட்டகையைத் தாண்டித்தான். அக்கா முழங்கை வரை மரத்தூளோடு தட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தாள். மழை ஈரத்தில் உரத்தின் வாசனை கனமாக எழும்பியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க?"

"மேல. வாத்தியார் வீட்டுக்கு."

அவள் மறுபடியும் குனிந்து கிளறினாள். அவன் நகர்ந்தான். நாலடி போயிருப்பான்.

"டேய்" என்றாள் பின்னாலிருந்து. "தலையைப் பாரு, காக்கா கூடு மாதிரி. வாரிக்கிட்டுப் போ."